சீமோனுக்காக வாசிக்காத இசைத்தட்டு

பார்க்டேல்
24 மே 2009

அண்ணா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். போன கிழமை முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டி எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனால் கடிதத்தை இடையில் மறித்துக் கதைக்க உங்களால் முடியாது.

தம்பி சீமோன் செத்துவிட்டான் என்று நீங்கள் முடிவு கட்டியது எனக்குத் தெரிந்த விஷயம். அதற்கு மண்டபம் எடுத்து, முப்பத்தோராம் நாள் நினைவு என்று திகதி குறித்து, வருகிற சனத்துக்குக் கையில் கொடுக்க என் இசைத்தட்டை அச்சுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்பது தெரியாது. அதை இன்று பூசை முடிந்து வரும் வழியில், ரோல்ஸ் கடையில் நின்ற ஒரு பெண் சொல்லித்தான் அறிந்தேன். "நீங்கள்தானே பியானோ வாசிக்கிற அருள்மலர்? தம்பின்ரை நினைவுக்கு உங்கட சீடி குடுக்கினமாம். நல்ல விஷயம் பிள்ளை. இன்னும் ரெண்டு ரோல்ஸ் போடட்டோ?" இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.

வன்னியிலிருந்து வந்த அந்தப் பிணத்தின் படத்தை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சத்தி எடுத்தேன். முகம் மண்ணுக்குள் கிடக்கிறது, முதுகு மட்டும்தான் தெரிகிறது. சமாதான காலத்தில் நாம் பெட்டியில் போட்டு அனுப்பிய மேப்பிள் இலை போட்ட சேட்டு மாதிரி ஒரு சட்டை. அவ்வளவுதான் உங்கள் அத்தாட்சி. கனடாவிலிருந்து வன்னிக்கு அந்தச் சேட்டை அனுப்பிய குடும்பம் நம்முடையது மட்டும்தானா?

அடுத்தது இசைத்தட்டு. பெப்ரவரியில் உங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் நாங்கள் ஐந்து பேர் வாசித்தது ஹார்ட் பொப். ஒலிப்பதிவு செய்தவர் நீங்கள். கறுப்புச் சனத்தின் கோயில் பாட்டும் புளூஸும் ஒன்றாகி, ட்ரம்ஸ் பிடரியில் பிடித்துத் தள்ள, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிற ஜாஸ் அது. சத்தம் விழுமென்று, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸை நிறுத்தச் சொன்னேன். குளிரில் விரல் மரத்தது. மேலே அம்மா மீன் பொரிக்கக்கூடாது என்று சண்டை பிடித்தேன். அம்மா றேடியோவில் வன்னிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தா. நான் கீழே சந்தோஷமாக இருந்தேன் அண்ணா. இருபது வருஷமாக ஹொட்டேல்களில் ஆட்கள் சாப்பிடும் சத்தத்துக்குப் பின்னால் வாசித்த எனக்கு, முதல்முறை என் சொந்த இசையை ஆட்கள் மனம் வைத்து வாசித்தார்கள். அந்தச் சந்தோஷத்தை இப்போது சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் பதிவில் இருப்பது அதுதான், துக்கம் இல்லை. அதில் ஒன்றுகூட சீமோனைப் பற்றியது அல்ல. 'எலிப்பொறி' என் கட்டிடத்து எலிகளைப் பற்றியது. பெயரே அதுதான்.

செத்த வீட்டுக்கு என் இசை வேண்டாம். சீமோன் செத்ததாகவும் எனக்கு வேண்டாம். இரண்டையும் நிறுத்துங்கள்.

அருள்மலர்


இயேசு மரி சூசை துணை
மல்வேர்ன்
29 மே 2009

அன்புத் தங்கை அருள்மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்காதது உன் வளர்ப்பு. நான் விசாரிக்கிறேன். நலமா?

நீ பார்க்டேலில் தனியே இருக்கிறாய். நான் அம்மாவோடு இருக்கிறேன். அம்மா மூன்று கிழமையாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போகிறா. விடிந்தால் றேடியோ, பொழுதுபட்டால் கொம்பியூட்டர். "ஒரு பூசை வையடா, என்ரை பிள்ளைக்கு ஆத்துமம் ஆறட்டும்" என்று அவதான் கேட்டா. அம்மா அழுது முடிக்கவேண்டும். அதற்கு ஒரு நாள் வேண்டும். நீ நம்பிக்கை நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டு திரிவாய், அவ இங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சாவா. இதைத்தான் நீ கேட்கிறாயா?

படத்தை மரியரட்ணம் மாஸ்ரரும் பார்த்தார். தன் நினைவுக் குழுவுக்காக இந்த மாதிரிப் போர்ப் படம் நூறு பார்த்திருக்கிறார். தோள் அமைப்பைப் பார்த்ததும் "உது சீமோன்தான்" என்றார். எனக்கும் சந்தேகம் இல்லை.

இசைத்தட்டைப் பற்றி. எல்லா வீட்டிலும் முப்பத்தோராம் நாளுக்கு, செத்தவரைப் பாடும் கல்வெட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது ரெலிபோன் புத்தகத்துக்கு அடியில் போய்விடும். நாங்கள் இசை கொடுப்போம் என்று நினைத்தேன். உன் பதிவு இருந்தது. தங்கச்சி வாசித்தது தம்பிக்காக. இதில் என்ன அருவருப்பு?

ஆனால் உள்ளபடியே கொடுக்க முடியாது. நீயே சொல், செத்த வீட்டில் சனம் காலைத் தட்டலாமா? கொம்பியூட்டரில் வேகத்தைக் குறைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட பாதி. சுருதி மாறாது, பயப்படாதே. மழைச் சத்தமும் ஒரு புல்லாங்குழலும் சேர்த்திருக்கிறேன். ட்ரம்ஸ் தனியாக அடிக்கிற இடத்தை எடுத்துவிட்டேன். மெட்டுகளின் பெயர்களும் கொஞ்சம் மாறியிருக்கின்றன.

அட்டைக்கு உள்ளே சீமோனைப் பற்றி நாலு சொல் எழுதினேன். இரண்டு வரி கூட்டித்தான் எழுதினேன். மாஸ்ரர் சொன்னார், சும்மா செத்தான் என்று போட்டால் இந்த நேரத்தில் நல்லாயிராது என்று. செத்தவனைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வது உலக வழக்கம். எந்தக் கல்வெட்டிலாவது கஞ்சன் என்று ஒருவனை எழுதியிருக்கிறார்களா?

அட்டையில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். சீமோனின் படம், கீழே உன் பெயர், வேறு எவருடையதும் இல்லை. என் பெயர்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உனக்கு எத்தனை வருஷ ஆசை அது. அச்சுக்குப் போய்விட்டது. இனி நிறுத்த முடியாது.

ஞாயிறு பதினாலாம் திகதி. கறுப்பு உடுத்திக்கொண்டு வா. உன்னோடு வாசித்த ஆட்களையும் கூட்டி வா.

உன் அண்ணன்
அலெக்ஸாண்டர்


பார்க்டேல்
16 ஜூன் 2009

அண்ணா,

வந்தேன். பாதியில் எழும்பிப் போனதை நீங்கள் பார்த்தீர்கள். ஏன் என்று எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலையிடி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

மண்டப வாசலில் செருப்புக்குப் பதிலாகக் கார்கள் அடுக்கிக் கிடந்தன. உள்ளே போனதும் ஒரு சத்தம். யாரோ நோயாளி பியானோ கட்டையில் கையை வைத்துவிட்டு அடுத்த கட்டை எங்கே என்று தேடுகிற சத்தம். இது யார் வாசித்தது என்று நினைத்துக்கொண்டே கதிரையில் இருந்தேன். ஒரு நிமிஷம் போய்த்தான் விளங்கியது, அது நான். ட்ரம்ஸின் சிம்பல் ஒலி ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல இழுபட்டது. என் பக்கத்தில் சாக்ஸபோன்காரன் கிளைவ் இருந்தான். ஜமேக்காக்காரன், துக்க வீடு என்று மதித்து கோட்டும் டையுமாக வந்தவன். அவன் வாசித்த இடம் வந்தபோது என் காதுக்குள் கேட்டான், "அருள், இது நானா?" நான் ஓம் என்றேன். அவன் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். அந்த ஆளின் முகத்தில் முழிக்க இனி எனக்கு முகமில்லை.

சீமோனின் படத்துக்கு மாலை போட்டபோது பின்னால் ஓடியது எது தெரியுமா? 'எலிப்பொறி'. நீங்கள் அதற்கு 'கண்ணீர்க் கடல்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எலிக்கு வைத்த மெட்டில் என் தம்பிக்கு மாலை விழுந்தது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு அன்ரி முதுகைத் தடவி, "நல்ல சோகமா வாசிச்சிருக்கிறாய் பிள்ளை" என்றா. அவவின் கையில் கட்லட் எண்ணெய்.

பிறகு அட்டையைத் திறந்து நீங்கள் கூட்டி எழுதிய இரண்டு வரியை வாசித்தேன். "இறுதி மூச்சுவரை போராளிகளோடு தோள்கொடுத்துக் களமாடிய எங்கள் சீமோன்." எங்கள் சீமோனா? ஐஸ் பக்ரரியில் மெஷினுக்கு எண்ணெய் விட்ட சீமோனா? பங்கர் வெட்ட இயக்கம் பிடித்துக்கொண்டு போக, இரண்டாம் நாளே ஓடிவந்து கவிழ்த்து வைத்த வள்ளத்துக்கு அடியில் ஒளித்தவன் அவன். "அண்ணா, நண்டுகள் என்னைக் கடிச்சுத் துலைச்சுப் போட்டுது" என்று உங்களுக்கே போனில் சொல்லிச் சிரித்தவன். அந்தப் பயந்தாங்கொள்ளியைத்தான் எனக்குப் பிடிக்கும். அவனை எடுத்துவிட்டு யாரையோ கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். என் கையை எடுத்துவிட்டு யாருடைய கையையோ வைத்த மாதிரி.

மரியரட்ணம் மாஸ்ரர் மைக்கைப் பிடித்து, "ஒரு சீமோன் விழுந்தால் ஆயிரம் சீமோன் எழுவான்" என்று முழங்கினார். கை தட்டினார்கள். தட்டின கைகளால் ஆட்டிறைச்சிக் கறியைப் பிசைந்தார்கள். நானும் அந்தச் சோற்றில் ஒரு வாய் சாப்பிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்து ஊட்டிய மாதிரி வைத்ததால் சாப்பிட்டேன். அதோடு எழும்பிவிட்டேன்.

எனக்கு உங்கள் எல்லாரிலும் அருவருப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அருள்மலர்


இயேசு மரி சூசை துணை
மல்வேர்ன்
8 ஜூலை 2009

தங்கச்சி,

நீ போனை எடுக்கிறாய் இல்லை. வீட்டுக்கு வந்தால் கதவு திறக்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

சீமோன் உயிரோடு இருக்கிறான்.

செட்டிகுளத்து முகாமில். உள்ளே போய்வர விடப்பட்ட ஒரு கன்னியாஸ்திரி, சிஸ்ரர், பெயர்களை எழுதி எடுத்து வந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறிவிக்கிறா. முந்தாநாள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. நான் நம்பவில்லை. பிறகு அவவே தன் போனை அவனிடம் கொடுத்தா. "அண்ணை, நான் சீமோன். ஒரு சோடி செருப்பு அனுப்புவியளோ? வெறுங்காலோடை நிக்கிறன், தரை சுடுகுது." அவன் குரல்தான். அந்தச் சேட்டைப் பற்றிக் கேட்டேன். "அது பக்கத்து பங்கர் பொடியனுக்குக் குடுத்தனான். அவனுக்குப் போட ஒண்டுமில்லை. அவன் வரேல்லை அண்ணை" என்றான்.

அப்படியென்றால் நாங்கள் பூசை வைத்தது வேறு யாருக்கோ. அந்தப் பொடியனின் வீட்டார் எங்கேயோ இருந்து இன்னும் அவனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இதை நினைத்தால் நித்திரை வருகிறதில்லை.

இனி நான் கேட்பதைக் கோபப்படாமல் வாசி. கொஞ்ச நாளைக்கு இதை ஒருத்தருக்கும் சொல்லாதே. அவ்வளவு சனம் வந்து அழுது, சாப்பிட்டுப் போனது. கனடா முழுக்கப் பேப்பரில் போட்டோம். இப்போது "பிழை நடந்துவிட்டது, மன்னியுங்கள்" என்று நான் எப்படிப் போய் நிற்பது? மாஸ்ரருக்கு மெதுவாகச் சொன்னேன். முகம் கறுத்துப் போய்விட்டது. ஆவணி மாதம் அவர்கள் வேறொரு கூட்டம் வைக்கிறார்கள், அதில் உன் இசைத்தட்டை இன்னும் கொஞ்சம் அடித்துக் கொடுப்பதாக இருந்தார்கள். அது முடியட்டும் என்கிறார்.

அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த ஞாயிறு கோயில் முழுக்கத் தெரியும்.

செருப்பை நான் அனுப்புகிறேன்.

அலெக்ஸாண்டர்


பார்க்டேல்
11 ஜூலை 2009

அண்ணா,

முதல் வரியை வாசித்துவிட்டு நான் தரையில் இருந்து அழுதேன். கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு எழும்பி முகம் கழுவினேன். அழுகையே ஊத்தையான மாதிரி இருந்தது.

உயிரோடு இருக்கிறவனைக் கொஞ்ச நாள் செத்தவனாக வைத்திருக்கச் சொல்கிறீர்கள். பெற்ற தாய்க்கும் சொல்லாமல். உங்கள் மண்டபத்து மானத்துக்காக.  பழுதாய்ப் போன மீனை முகர்ந்தால் ஒரு குமட்டல் வருமே, அதுதான் வருகிறது.

அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. நேற்று நீங்கள் வேலைக்குப் போன பிறகு பஸ் எடுத்து வந்தேன். அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டா. எழும்பிப் போய்ப் படத்தின் மாலையைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டா. பிறகு, "உவன் எத்தினை நாளாய் இதைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறான்?" என்று கேட்டா. சொன்னேன். "இண்டைக்கு உவனுக்குச் சமைக்கமாட்டன்" என்றா. இரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று தெரியாது, கேட்கவும் விருப்பமில்லை.

இனி நீங்கள் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன், நன்றாக யோசியுங்கள். சீமோன் எங்கே இருக்கிறான்? கம்பி வேலிக்குள். அங்கே யார் வருகிறார்கள்? சிவில் உடுப்புக்காரர் வரிசையில் நிறுத்தி, ஆட்களைப் பிரித்து எடுக்கிறார்கள் என்று தமிழ்ப் பேப்பர் எல்லாவற்றிலும் இருக்கிறது. எப்படிப் பிரிக்கிறார்கள்? யார் இயக்கம் என்று கேட்டுத்தான். இங்கே நீங்கள் என்ன எழுதினீர்கள்? போராளிகளோடு தோள்கொடுத்துக் களமாடிய சீமோன். படம், பிறந்த திகதி, ஊர், தகப்பன் பெயர், எல்லாம் போட்டு. நினைவுக் குழுவின் வெப்சைற்றிலும் அதே பக்கம் பெரிதாக நிற்கிறது, இன்று காலை பார்த்தேன். செத்தவனுக்குப் பட்டம் கொடுத்தீர்கள். உயிரோடு இருப்பவனுக்கு அது கழுத்தில் கட்டிய பலகை.

இதை வாசித்த கையோடு மாஸ்ரரிடம் போய் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்வரை அவர் வீட்டுச் சோபாவை விட்டு எழும்பாதீர்கள். பிறகு மண்டபத்தில் கொடுத்த இசைத்தட்டு ஒவ்வொன்றையும் திரும்ப எடுக்கவேண்டும். தட்டின் மேலேயும் அவன் முகம், அதனால் அட்டையைக் கிழித்துவிட்டு விட முடியாது. மல்வேர்ன் பக்கம் உங்களுடையது. சென் ஜேம்ஸ் ரவுணும் பார்க்டேலும் நான் போகிறேன். என் முதல் இசைத்தட்டை வீடு வீடாகப் போய்த் தாருங்கள் என்று பிச்சை கேட்டு, கொண்டுவந்து நானே உடைக்கப் போகிறேன். அந்த ஆசை தீர்ந்தது.

அருள்மலர்


மல்வேர்ன்
30 ஜூலை 2009

தங்கச்சி,

மேலே வழக்கமாக எழுதும் 'இயேசு மரி சூசை துணை'யை இன்று எழுதவில்லை. மனம் ஒப்பவில்லை.

வெப்சைற்றிலிருந்து எடுத்தாகிவிட்டது. ஆனால் கேட்டவுடன் நடக்கவில்லை. முதல் நாள் மாஸ்ரர், "குடுத்த கௌரவத்தைத் திருப்பி எடுக்கிறதோ? நாளைக்குச் சனம் எங்களை என்னெண்டு நம்பும்?" என்றார். "அவன் உயிரோடை இருக்கிறான் மாஸ்ரர், ஆமிக்காரனிட்டை" என்றேன். "எத்தினையோ பேர் இருக்கினம் தம்பி. ஒராளுக்காகப் பொதுக் காரியத்தைக் கெடுக்கேலுமோ?" என்றார். தேத்தண்ணி கொடுத்தார், குடிக்கவில்லை. அடுத்த நாளும் போனேன். மூன்றாம் கிழமைதான் பக்கம் போனது. நீ சொன்ன மாதிரிச் சோபாவை விட்டு எழும்பாமல் இருந்திருக்கலாம். நான் முதல் நாள் எழும்பிவிட்டேன். அவர் முன்னால் எனக்கு எப்போதும் முதுகு வளைந்துதான் பழக்கம்.

இசைத்தட்டு சேர்க்கப் போன கதையைக் கேள். முதல் வீட்டில் எடுத்துக்கொண்டு வந்து தந்தார்கள். சுற்றியிருந்த பிளாஸ்ரிக் உறை கிழியவில்லை. அடுத்த வீட்டிலும் கிழியவில்லை. அதற்கடுத்ததிலும். நான் போன வீடுகளில் அநேகமாக ஒருவரும் திறக்கவே இல்லை. நல்ல சோகம் என்று உன் முதுகைத் தடவிய அன்ரியின் வீட்டிலும் திறக்கவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தா. ஒரு வீட்டில் பின்பக்கம் கூட்டிப் போனார்கள். கத்தரிக் கண்டுகளுக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், வெயிலில் மின்னினால் அணில் வராதாம். தம்பியின் முகம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. "குறை நினையாதேங்கோ, எல்லாச் சீடியும் கட்டுறனாங்கள்" என்றார் அந்த வீட்டுக்காரர். நான் அதை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். காருக்குள் ஏறி அந்தத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். உன் கடிதத்தில் இருந்த 'அருவருப்பு' என்ற சொல் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திறந்து கேட்ட ஒரே ஆள் அமிர்தநாதர் அங்கிள், இரவில் செக்கியூரிற்றி வேலை செய்கிறவர். உள்ளதை எழுதுகிறேன், கோபிக்காதே. "இதிலை வாசிக்கிற பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ தம்பி? கை ஏலாத ஆள் வாசிச்ச மாதிரி இருக்கு" என்று கேட்டார். கூட்டத்தில் காது இருந்த ஒரே மனிதர். நான்தான் அப்படி ஆக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிலர் தரவில்லை. "நினைவுக்குத் தந்ததைத் திரும்பக் கேக்கிற குடும்பத்தை இப்பதான் காணுறம்" என்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் துரோகி என்றே சொன்னார். அம்மா இரண்டு நாள் என்னோடு காரில் வந்தா. அவ கேட்டால் கொடுக்கிறார்கள்.

செருப்பு அனுப்பியாயிற்று. சிஸ்ரரிடமிருந்து பல நாளாக ஒரு கதையும் இல்லை. போன் அடிக்கிறது, எடுக்கிறா இல்லை. உனக்கு ஏதும் தெரிந்தால் எழுது.

உன் முதல் பதிவு என் கொம்பியூட்டரில் பழுதில்லாமல் இருக்கிறது. வேகம் குறைக்காதது. சொன்னால் கொண்டுவந்து தருகிறேன்.

அலெக்ஸாண்டர்


பார்க்டேல்
20 ஆகஸ்ட் 2009

அண்ணா,

சிஸ்ரர் நேற்று எனக்குப் போன் எடுத்தா. உங்கள் இலக்கத்துக்கு எடுக்கப் பயமாம், இரண்டு தரம் யாரோ குறுக்கே கேட்பது மாதிரி இருந்ததாம். என் இலக்கத்தைச் சீமோன்தான் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறான்.

அவனைக் கொண்டு போயிருக்கிறார்கள். ஜூலை நடுப்பகுதியில், தண்ணீர் வரிசையில் நின்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் கொம்பியூட்டரில் அச்செடுத்த ஒரு தாள் இருந்ததாம். அட்டைப் படம், கீழே தமிழ் எழுத்து. அவனையே உரத்து வாசிக்கச் சொன்னார்களாம். வாசித்தானாம், தோள்கொடுத்துக் களமாடிய என்று. தன்னைப் பற்றித்தான் என்று முதலில் அவனுக்கு விளங்கவே இல்லையாம். மாஸ்ரர் கௌரவம் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. நீங்கள் எழும்பி வந்த நாட்கள்.

திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல முழந்தாளில் இருந்தேன், செபம் சொல்லாமலே எழும்பிவிட்டேன். நடக்கிறான், சாப்பிடுகிறான். இடது காது போய்விட்டது. அந்தப் பக்கம் அடித்திருக்கிறார்கள். ஒரு சத்தமும் கேட்காதாம்.

பிறகு சிஸ்ரர் போனை அவனிடம் கொடுத்தா. கொஞ்ச நேரம் பேசினோம். அவன் பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அக்கா, நீங்கள் ஒரு சீடி போட்டனீங்களாம். என்ரை படத்துக்குக் கீழை உங்கட பேர்தான் இருந்தது. அவங்கள் திரும்பத் திரும்ப உங்கட பேரைத்தான் கேட்டவங்கள். நான் அக்கா பியானோ வாசிக்கிறவ எண்டு மட்டும் சொன்னனான். ஏனக்கா என்னைப் பற்றி அப்பிடி எழுதினனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. அதனால் அவனுக்குத் தெரியாது. உங்கள்மேல் இரக்கப்பட்டு மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரைப் போடாமல் விட்டது நீங்கள். என் பெயரைப் பெரிதாகப் போட்டதும் நீங்கள். இந்த நிமிஷம் அந்த வேலிக்குள் இருந்துகொண்டு என் தம்பி நினைப்பது, அக்கா தன் பெயருக்காக என்னை விற்றுவிட்டாள் என்று.

பழைய பதிவைக் கொண்டுவர வேண்டாம். அதை இப்போது கேட்க என்னால் முடியாது. கிளைவ் ஒருநாள் கேட்டால் அவனுக்குக் கொடுங்கள், அது அவனுடையதும்.

வருகிற ஞாயிறு பூசை முடிய சிஸ்ரர் திரும்ப எடுப்பதாகச் சொன்னா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். கதவு திறப்பேன். போன் மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன், அம்மாவும் எடுக்கமாட்டா, நீங்கள்தான் எடுக்கவேண்டும். முதலில் போனை வலது காதில் வைக்கச் சொல்லுங்கள். வைத்துவிட்டானா என்று இன்னொருமுறை கேளுங்கள். பிறகு அதை எழுதியது யாரென்று சொல்லுங்கள்.

அருள்மலர்